சின்னச் சமையலறையில் கறுப்பும் செம்பும் சேருமா?

எட்டடிக்கு ஆறடி அளவுள்ள, ஒரே ஒரு சன்னல் கொண்ட சமையலறையில் அலமாரிக் கதவுகளையும் மேடையையும் கறுப்பாகவும், கைப்பிடி, குழாய், தொங்குவிளக்கு ஆகியவற்றைச் செம்பு நிறத்திலும் அமைத்தால் அறை குகைபோல் ஆகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். செம்பு ஓராண்டுக்குள் கறுத்துப்போகும் என்று ஒருவர் எச்சரித்ததையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். நான் இதை இரண்டு கேள்விகளாக எடுத்துக்கொள்கிறேன். முதலாவது, நிறத்தைப் பற்றியதுபோல் தோன்றினாலும் உள்ளபடி வெளிச்சத்தைப் பற்றியது. இரண்டாவது, அழகைப் பற்றியதுபோல் தோன்றினாலும், தினமும் துடைக்கிற கைக்கு எவ்வளவு வேலை கூடும் என்பதைப் பற்றியது. சமையலறை உள்ளமைப்பு வேலையில் பதினெட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். கறுப்பில் செய்தவற்றில் இன்றும் போய்ப் பார்க்க ஆசைப்படும் அறைகளும் உண்டு, அந்த வீட்டாரைத் தெருவில் கண்டால் ஒதுங்கிப் போகலாமா என்று நினைக்கவைக்கும் அறைகளும் உண்டு. உங்கள் அறையை நான் பார்க்கவில்லை. சன்னலுக்கு வெளியே வானம் தெரிகிறதா, எதிர்ச்சுவர் மறைக்கிறதா என்றும் நீங்கள் எழுதவில்லை. ஆகவே கீழே சொல்பவற்றில் இயற்பியலும் வேதியியலும் சார்ந்தவற்றை உறுதியாகவும், கண்ணுக்கு எப்படித் தோன்றும் என்பவற்றை என் கருத்தாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சுவர்ப்பூச்சு தயாரிப்பவர்கள் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒளிப் பிரதிபலிப்பு மதிப்பு என்றோர் எண்ணைத் தருவதுண்டு. அது 0 முதல் 100 வரை செல்லும். நல்ல வெள்ளைகள் 80க்கு மேல் நிற்கும். கறுப்புகள் பெரும்பாலும் 5ஐ ஒட்டியே கிடக்கும். விழுகிற வெளிச்சத்தில் இருபதில் ஒரு பங்கைத் திருப்பித் தந்துவிட்டு மிச்சத்தைக் கறுப்பு விழுங்கிவிடுகிறது என்று பொருள். ஓர் அறைக்குள் இந்த விழுங்கல் நாம் எதிர்பார்ப்பதைவிட அதிகமாக உறைக்கும். விளக்கிலிருந்து கிளம்பும் ஒளி ஒருமுறை சுவரில் பட்டதோடு நிற்பதில்லை. சுவரிலிருந்து கூரைக்கும், கூரையிலிருந்து மேடைக்குமாகத் திரும்பத் திரும்பத் தெறித்து, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இழந்து அடங்குகிறது. அறையின் எல்லாப் பரப்புகளும் சேர்ந்து சராசரியாக 70 விழுக்காடு ஒளியைத் திருப்பினால், இந்தத் தெறிப்புகள் அனைத்தும் கூடி, நேரே விழும் ஒளியைப்போல் ஏறத்தாழ 3.3 மடங்கு வெளிச்சம் கிடைக்கும். அந்தச் சராசரி 40 விழுக்காடாக இறங்கினால் கிடைப்பது 1.7 மடங்குதான். அதே சன்னல், அதே விளக்கு, ஆனால் வெளிச்சம் பாதி. பரப்புகள் எல்லாம் சீராக இருப்பதாக வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது என்பதால் உண்மையான அறையில் எண்கள் முன்பின் ஆகலாம், போக்கு மாறாது. இரவில் இந்த இழப்பை இன்னும் இரண்டு விளக்குகள் போட்டு ஈடுகட்டிவிடலாம். பகலில் சன்னலை அப்படிப் பெருக்க முடியாது. கறுப்புச் சமையலறை வேண்டுமென்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, பகலில் விளக்கில்லாமல் அந்த அறையில் வேலை செய்கிறீர்களா என்பதைத்தான்.

கறுப்பு அறையைச் சிறிதாகக் காட்டும் என்பது இவ்வளவு உறுதியாகச் சொல்லக்கூடிய செய்தி அன்று. ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர்கள் 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கூரையும் சுவர்களும் வெளிறிய நிறத்தில் இருந்தபோது பார்ப்பவர்களுக்கு அறை உயரமாகத் தோன்றியது. தரையின் நிறம் அந்த உணர்வைப் பெரிதாக மாற்றவில்லை. உயரம் பற்றிய இந்த முடிவை நான் நம்புகிறேன், என் அனுபவமும் அதனோடு ஒத்துப்போகிறது. ஆனால் அகலமும் ஆழமும் எப்படித் தோன்றும் என்பது நிறத்தை மட்டும் பொறுத்ததன்று. வெளிச்சம் எங்கே விழுகிறது, மூலைகள் தெரிகின்றனவா, மேடைமேல் எத்தனை பொருள்கள் சிதறிக் கிடக்கின்றன என்பவையும் அதில் சேரும். மூலைகளும் கதவு இடுக்குகளும் கறுப்பில் கரைந்துபோய் அறைக்கு எல்லை தெரியாமல் போவதை ஆழமாக உணர்பவர்கள் உண்டு, அடைசலாக உணர்பவர்களும் உண்டு. ‘சின்ன அறைக்குக் கறுப்பு கூடவே கூடாது’ என்ற சொல்லும், ‘கறுப்பு அறையைப் பெரிதாக்கும்’ என்று இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிற சொல்லும் எனக்கு ஒரே அளவில்தான் ஐயத்துக்குரியவை.

உங்கள் அறையில் கறுப்பை எங்கே வைப்பேன் என்றால், இடுப்புக்குக் கீழே வைப்பேன். மேடைக்கு அடியிலுள்ள அலமாரிகள் அறைக்குள் வெளிச்சத்தைப் பரப்புவதில் பெரிய பங்கு வகிப்பதில்லை. அவை எப்படியும் மேடையின் நிழலில் இருப்பவை. அவை கறுப்பாக இருப்பதால் நீங்கள் இழப்பது குறைவு, பெறும் தோற்றமோ முழுமையானது. கூரையையும், சன்னலுக்கு எதிரே உள்ள சுவரையும், சன்னலின் உட்பக்கக் கன்னங்களையும், அதாவது சன்னல் பதிந்திருக்கும் சுவர்த்துளையின் உள்விளிம்புப் பரப்புகளையும், வெளிறிய நிறத்திலேயே விட்டுவிடுங்கள். பலர் கவனிக்காமல் விடுவது அந்தக் கன்னங்களைத்தான். வெளியிலிருந்து வரும் ஒளி முதலில் மோதித் திரும்பும் இடம் அது. அதைக் கறுப்பாக்கினால் சன்னலில் ஒரு பகுதியை மூடியதற்கு ஒப்பாகும். மேல்வரிசை அலமாரிகளும் கறுப்பாகத்தான் வேண்டுமென்றால், ஒரே ஒரு சுவரில் மட்டும், அதுவும் சன்னல் இருக்கும் சுவரில் வையுங்கள். அந்தச் சுவரின்மேல் பகலொளி நேரே படுவதில்லை, ஆகவே அங்கே கறுப்பு விழுங்குவதற்கு அதிகம் இருக்காது. தரையைக் கறுப்பாக்க வேண்டாம். மாவுத்தூளும் நூலிழையும் காய்ந்த நீர்த்துளியும் கறுப்புத் தரையில் தெரிவதுபோல் வேறெதிலும் தெரியா. நடுத்தரச் சாம்பல் நிறம் எல்லாவற்றையும் மன்னிக்கும். வீட்டில் பார்வை மங்கியவர்கள் இருந்தால் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். கறுப்பு மேடையின் விளிம்பும் அதற்குக் கீழேயுள்ள கறுப்புக் கதவும் ஒன்றாகத் தெரியும்போது, பாத்திரத்தை மேடைமேல் வைப்பதாக நினைத்து விளிம்பிலேயே வைத்துவிடும் விபத்து எளிதில் நேரும். விளிம்பில் மட்டும் நிறம் மாறினாலே போதும்.

அடுத்து, எந்தக் கறுப்பு என்பது. கறுப்பு என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு பராமரிப்பு முறைகள் இருக்கின்றன. கண்ணாடிபோல் பளபளக்கும் கறுப்பில் தூசியும் நுண்கீறல்களும் தெரியும். பளபளப்பே இல்லாத மேட் கறுப்பில் விரல் எண்ணெய் பட்ட இடங்கள் மட்டும் மினுங்கி, அழுக்காக இல்லாதபோதும் அழுக்காகத் தோன்றும்; அதை அழுத்தித் தேய்த்தால் தேய்த்த இடமே பளபளப்பேறி நிரந்தரத் தழும்பாகிவிடும். அடுப்புக்கு அருகில் இது இன்னும் கடுமை, ஏனெனில் காற்றில் பறக்கும் எண்ணெய்த் துளிகள் பரப்பில் படிந்து, வெப்பத்தாலும் காற்றுப்படுவதாலும் மெல்ல இறுகிப் பசைபோல் ஆகின்றன. ஈரத்துணிக்கு அது அசைந்து கொடுக்காது. நடுவில் உள்ள அரைப்பளபளப்பு, அதிலும் மரவரி போன்ற மெல்லிய மேடுபள்ளம் கொண்ட கறுப்பு லேமினேட், இந்த இரண்டு குறைகளையும் பாதியாக்கும். இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு வீட்டுக்கு முழுப்பளபளப்புள்ள கறுப்பு அக்ரிலிக் கதவுகளை மாட்டிக் கொடுத்தேன். திறந்த நாளில் எல்லோரும் வியந்தார்கள். மூன்றாம் மாதம் போனபோது அந்த வீட்டம்மா ஒவ்வொரு கைப்பிடியிலும் ஒரு துடைதுணியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. விரல்தடம் பிடிக்காத மேட் லேமினேட் என்று இப்போது கிடைப்பவை உண்மையிலேயே தடத்தைக் குறைக்கின்றன, அறவே நீக்குவதில்லை. உங்கள் அறை ஆறடி அகலம்தான் என்பதால் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. தள்ளி நின்று பார்க்க இடமில்லாத அறையில் ஒவ்வொரு கதவும் முகத்துக்கு நேரே, கையெட்டும் தொலைவில் இருக்கும். பெரிய அறையில் தெரியாத தடமெல்லாம் இங்கே தெரியும். மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒட்டிய கதவுகளை அடுப்புக்கும் ஓவனுக்கும் பக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். வெப்பத்தில் அந்த உறை விளிம்பிலிருந்து உரியும். நேர்வெயில் படும் இடத்தில் கறுப்பு மற்ற நிறங்களைவிட அதிகம் சூடேறுவதால் அங்கும் அதே கதிதான்.

மேடையைப் பொறுத்தவரை, கறுப்புக் கிரானைட் என்று விற்கப்படும் கற்களில் பெரும்பாலானவை நிலவியல்படி கிரானைட்டே அல்ல; கேப்ரோ, டோலரைட் போன்ற அடர்ந்த எரிமலைக்குழம்பு வகைப் பாறைகள். இது குறை சொல்வதற்கான செய்தியன்று. அவை உறுதியானவை, சூட்டைத் தாங்குபவை, எளிதில் கறை ஏறாதவை. கவலைப்பட வேண்டியது, சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயமேற்றிக் கறுப்பாக்கி விற்பதைப் பற்றித்தான். வெள்ளைத் துணியில் கொஞ்சம் அசிட்டோன் நனைத்துக் கல்லின் மூலையில் தேய்த்துப் பாருங்கள். துணியில் கறுப்பு ஒட்டினால் அந்தக் கல் வேண்டாம். குவார்ட்ஸ் பலகை அழகானதுதான், ஆனால் கல்தூளைப் பிணைத்திருப்பது பிசின் என்பதால் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை நேரே வைத்தால் தழும்பு விழலாம். மெருகேற்றிய கல்லா, மெருகு குறைத்த கல்லா என்பதில் சின்ன அறைக்கு என் தேர்வு மெருகேற்றியதே. கறுப்பாக இருந்தும் சன்னலின் பிம்பத்தை அது மேடைமேல் காட்டும், மாலை நேரத்தில் அந்த ஒரு கீற்றே அறைக்கு உயிர். மெருகு குறைத்த கறுப்புக் கல்லில் உள்ளங்கை வைத்த இடமெல்லாம் எண்ணெய்த் தடமாக நிற்கும். ஆனால் மெருகேற்றிய மேடைக்கு மேலே எல்.இ.டி. பட்டை ஒட்டினால் ஒவ்வொரு விளக்குப் புள்ளியும் தனித்தனியாகக் கல்லில் தெரிந்து கண்ணை உறுத்தும். பட்டையைப் பால்வெள்ளை மூடியுள்ள அலுமினியக் குழலுக்குள் வைத்து, அலமாரியின் முன்விளிம்பை ஒட்டிப் பொருத்தச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுத் தண்ணீர் கடினநீரா என்பதை, நிறத்தைத் தீர்மானிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு ஏறுகிறதென்றால் அதே சுண்ணப் படிவு கறுப்புக் குழாயிலும் கறுப்புத் தொட்டியிலும் படியும். எஃகில் தெரியாதது கறுப்பில் சுண்ணாம்பு பூசியதுபோல் தெரியும். நீர்த்த வினிகரோ சிட்ரிக் அமிலமோ அதைக் கரைத்துவிடும், ஆனால் வாரந்தோறும் அதைச் செய்ய மனம் வேண்டும். அந்த அமிலம் பளிங்கில் பட்டால் பளிங்கையும் அரித்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். கடினநீர் உள்ள வீடுகளுக்கு நான் கறுப்புத் தொட்டியைப் பரிந்துரைப்பதில்லை; துலக்கிய எஃகுத் தொட்டி கறுப்பு மேடையில் தலைகாட்டாமல் இருந்துவிடும். கறுப்புத் தரை ஓடுகளின் இடுக்குகளை நிரப்பும் சிமென்ட் கலவையிலும் இதே வெள்ளை பூக்கும் சிக்கல் உண்டு. கலக்கும்போது தண்ணீர் கூடிவிட்டால் கறுப்பு சாம்பலாக வெளிறும். அங்கே எப்பாக்ஸி என்னும் பிசின் கலவைக்குச் செலவு செய்வது தகும்.

இனிச் செம்பு. கடையில் ‘செம்பு’ என்று காட்டப்படுவதில் குறைந்தது நான்கு வகை உண்டு: முழுச்செம்பு, வேறு உலோகத்தின்மேல் மின்முலாமாகப் பூசிய செம்பு, வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கும் பி.வி.டி. என்னும் கடினமான மேற்பூச்சு, வெறும் செம்பு நிறச் சாயம். பி.வி.டி. பூச்சில் பெரும்பாலும் செம்பு என்ற உலோகமே இருக்காது. டைட்டானியம் அல்லது சிர்கோனியத்தின் சேர்மங்கள் அந்த நிறத்தைத் தருகின்றன. அதனாலேயே அது கறுப்பதில்லை, எளிதில் கீறலும் விழுவதில்லை. காந்தத்தை வைத்துப் பார்த்தால் ஒட்டிக்கொள்வது உள்ளே இரும்பு என்று தெரிந்துவிடும். ஒட்டாவிட்டால் முழுச்செம்பு என்று முடிவுகட்டிவிட முடியாது, ஏனென்றால் துத்தநாகக் கலவையும் பித்தளையும்கூடக் காந்தத்தில் ஒட்டா. கைப்பிடியின் பின்பக்கம், திருகு ஏறும் துளைக்குள் எந்த நிறம் தெரிகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கே உண்மை வெளிப்பட்டுவிடும்.

உங்களை எச்சரித்தவர் சொன்னது முழுச்செம்புக்கு உண்மை. காற்றுப்பட்ட செம்பு முதலில் செம்பழுப்பு நிறமுள்ள ஆக்சைடாக மாறும். பிறகு மெல்லக் கருமை ஏறும். பச்சைக் களிம்பு வருவது வேறு வகை. ஈரமும் உப்பும் அமிலமும் தங்கும் இடத்தில்தான் அது வரும். வீட்டுக்குள், துடைத்து உலர்த்தும் இடத்தில், பெரும்பாலும் பழுப்போடு நின்றுவிடும். சைவ சித்தாந்திகள் உயிரோடு கூடவே இருக்கிற ஆணவத்துக்குச் செம்பின் களிம்பை உவமையாகச் சொன்னார்கள். அந்த உலோகத்தின் போக்கை நன்றாகக் கவனித்தவர்கள்தாம். ஆனால் ‘ஓராண்டுக்குள்’ என்று காலக்கெடு சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஈரப்பதமும் கடற்காற்றும் கையின் வியர்வையும் அதைத் தீர்மானிக்கின்றன. ஒரே அறையிலேயே தொட்டியருகே உள்ள கைப்பிடி சில வாரங்களில் நிறம் மாறும்போது, மேல்தட்டில் உள்ளது பல மாதங்கள் அப்படியே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு விந்தையும் உண்டு. தினமும் விரல் உரசும் இடம் பளபளவென்று இருக்கும், விரல் படாத ஓரங்கள் கறுக்கும். அந்த மாற்றமே பிடித்துப்போய் முழுச்செம்பை வாங்குபவர்கள் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். மாறக்கூடாது என்று நினைப்பவர் முழுச்செம்பை வாங்கிவிட்டு அதோடு போராடுவது வீண் உழைப்பு, அவருக்கு பி.வி.டி. பூச்சே பொருத்தம். இரண்டுக்கும் நடுவே, முழுச்செம்பின்மேல் கண்ணாடிபோன்ற அரக்குப்பூச்சு அடித்து விற்கிறார்கள். அதுதான் எனக்கு மிகவும் தயக்கமுள்ள வழி. பூச்சு முழுதாக உள்ளவரை அழகு. ஓரிடத்தில் கீறினால் ஈரம் உள்ளே புகுந்து, பூச்சுக்கு அடியில் சிலந்திக்கால்போலக் கறை படரும். மேலே தேய்த்துப் பயனில்லை, பூச்சு முழுவதையும் உரித்தாக வேண்டும். அதைவிட வெறும் செம்பில் சில மாதங்களுக்கு ஒருமுறை தேன்மெழுகு தடவித் துடைப்பது எளிது.

கறுத்த செம்பைத் துலக்க எலுமிச்சைச் சாறும் உப்பும் போதும். அமிலம் ஆக்சைடைக் கரைக்கிறது, உப்பு அதை விரைவுபடுத்துகிறது. ஆனால் துலக்கியபின் நன்றாகக் கழுவி உடனே உலர்த்த வேண்டும். இடுக்கில் தங்கும் உப்பும் புளிப்பும்தான் பச்சைக் களிம்புக்கு வித்து. அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான்களையும் பிளீச்சையும் செம்பருகே கொண்டுவராதீர்கள். அம்மோனியா செம்பை அரிக்கும், பித்தளையில் வெடிப்பையே உண்டாக்கும். பி.வி.டி. பூச்சுக்கும் சாயம் பூசியவற்றுக்கும் இந்த எலுமிச்சை உப்பு முறை தேவையும் இல்லை, தகுந்ததும் அன்று. சோப்புத்தண்ணீரும் மென்துணியும் போதும். ஒரு பொருத்தும் நுணுக்கத்தையும் தச்சரிடம் சொல்லிவையுங்கள். ஈரம் படும் இடத்தில் செம்பைத் துத்தநாகம் பூசிய திருகுகளாலோ அலுமினியத்தோடு சேர்த்தோ பிணைத்தால், இரண்டு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு நடந்து திருகோ அலுமினியமோதான் முதலில் கரையும். பித்தளைத் திருகையோ துருப்பிடிக்காத எஃகுத் திருகையோ கேளுங்கள்.

அடுப்புக்குப் பின்னே செம்புத் தகடு பதிக்கலாமா என்றும் போகிறபோக்கில் கேட்டிருக்கிறீர்கள். பதிக்கலாம், ஆனால் வெப்பத்தாலும் எண்ணெயாலும் அது திட்டுத்திட்டாக நிறம் மாறும் என்பதை ஏற்றுக்கொண்டு பதிக்க வேண்டும். அரக்குப்பூச்சுள்ள தகடு அந்த இடத்துக்கு வேண்டவே வேண்டாம். தகட்டை வெட்டி மின்சாரப் பொருத்துவாய் வைக்க வேண்டியிருந்தால் அது மின்பணியாளர் செய்ய வேண்டிய வேலை. உலோகத் தகட்டின் நிலஇணைப்பை (எர்த்) அவர் பார்த்துச் சொல்லட்டும், நான் அதில் வாய்திறப்பதில்லை.

செம்பு கிருமிகளைக் கொல்லும் என்று விற்பனையாளர்கள் சொல்வது வெறுங்கதை அன்று. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008இல் செம்புக் கலவைகளைக் கிருமியொழிப்புத் தன்மையுள்ள பரப்புகளாகப் பதிவுசெய்தது. ஆனால் அந்தத் தன்மை வெறும் உலோகத்துக்கு உரியது. மேலே அரக்கு இருந்தால் கிருமி தொடுவது அரக்கைத்தான், பி.வி.டி. பூச்சில் செம்பே இல்லை. கழுவித் துடைப்பதற்கு அது மாற்றும் ஆகாது. அலங்காரத்துக்காகத் தொங்கவிடும் செம்புப் பாத்திரங்களில் சமைக்கவும் எண்ணினால், உட்புறத்தில் ஈயமோ எஃகோ பூசியிருக்கிறதா என்று பாருங்கள். நான் சொல்வது வெள்ளீயம். நஞ்சான காரீயம் அன்று. பூச்சில்லாத செம்பில் புளிப்பான எதையும் வைக்கக்கூடாது. அமெரிக்க உணவு விதித்தொகுப்பு, குறையக் குறையப் புளிப்பு கூடுவதைக் காட்டும் பி.எச். அளவில் 6க்குக் கீழுள்ள உணவு செம்பைத் தொடக்கூடாது என்கிறது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால் வெறும் பாத்திரமாக அடுப்பில் விட்டுவிடவும் கூடாது. இண்டக்‌ஷன் அடுப்பில், அடியில் காந்தம் ஒட்டும் தகடு இல்லாத செம்புப் பாத்திரம் சூடேறாது.

செம்பு அழகாகத் தெரிவதும் தெரியாமல் போவதும் விளக்கின் கையில் இருக்கிறது என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் நான் உணர்ந்தேன். பெயரிலேயே செம்மை இருக்கிற இந்த உலோகம் சிவப்பொளியை நன்றாகத் திருப்பி, நீலத்தையும் பச்சையையும் குறைவாகத் திருப்புகிறது. விளக்கின் ஒளியிலேயே சிவப்பு குறைவாக இருந்தால் அது திருப்பித் தருவதற்கு ஒன்றும் இருக்காது. விளக்கொளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் குறிப்பார்கள். 6500 கெல்வின் வெள்ளை விளக்கின்கீழ் விலையுயர்ந்த செம்பு மங்கிய தவிட்டு நிறமாகத் தெரியும். 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ள இளமஞ்சள் விளக்கில் அதே பொருள் தணலைப்போல் தெரியும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் நிறக்காட்டுத்திறன் எண்ணை, அதாவது சி.ஆர்.ஐ.யை மட்டும் நம்ப வேண்டாம். அந்த எண் எட்டு மென்னிறங்களின் சராசரி. அடர்சிவப்பு அதில் சேராது. ஆர்9 என்று தனியே குறிப்பிடப்படும் மதிப்புத்தான் சிவப்பைப் பற்றிப் பேசும். அது அச்சிடப்படாத விளக்காக இருந்தால் சி.ஆர்.ஐ. 90க்கு மேல் உள்ளதை எடுங்கள், பெரும்பாலும் ஏமாற்றாது. மேடைமேல் காய் நறுக்கும் இடத்தில் 500 லக்ஸ் (பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு) அளவு வெளிச்சம் என்பது வேலைக்குப் பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. கறுப்பு மேடை உதவிக்கு வராது என்பதால் அங்கே கூரைவிளக்கை நம்பாமல் அலமாரியடி விளக்கையே நம்புங்கள்.

கறுப்புக்கும் உள்நிறம் உண்டு. நீலம் கலந்த கறுப்புக்குப் பக்கத்தில் செம்பு துள்ளித் தெரியும், ஏனெனில் நீலமும் செம்மஞ்சளும் எதிர்நிறங்கள். பழுப்புக் கலந்த கறுப்பில் அது அடங்கி உட்கார்ந்துவிடும். இரண்டில் எது நல்லது என்பது முழுக்கவும் சுவை சார்ந்தது. சின்ன அறைக்கு அடங்கியதே நல்லது என்பது என் சாய்வு. கதவின் கறுப்பு, குழாயின் கறுப்பு, ஓவனின் கறுப்பு மூன்றும் வெவ்வேறு தொழிற்சாலைகளிலிருந்து வருவதால் ஒருபோதும் ஒத்துப்போகா. ஒத்துப்போகச் செய்ய முயல்வதைவிட, ஒன்றுக்கொன்று தள்ளி வைத்து, மினுக்கத்தில் தெளிவாக வேறுபடுத்திவிடுவது மேல். செம்பு விஷயத்திலும் அப்படியே. செம்பு, ரோஸ் கோல்டு, பித்தளை மூன்றையும் ஒரே பார்வையில் படும்படி கலந்தால், வேண்டுமென்று செய்ததாகத் தெரியாது, ஒரே நிறம் கிடைக்காமல் செய்ததாகத்தான் தெரியும்.

எவ்வளவு செம்பு என்பதற்கு முதன்மை நிறம் அறுபது, துணைநிறம் முப்பது, எடுப்பான நிறம் பத்து விழுக்காடு என்று ஒரு விகிதக் கணக்கை அலங்காரக் குறிப்புகளில் படித்திருப்பீர்கள். எதையும் அளந்து கண்டுபிடித்த விதியன்று அது. தொடக்கத்துக்கு உதவும் கைத்தடி, அவ்வளவே. ஆறடி அறையில் நான் மூன்று இடங்களுக்குமேல் செம்பை அனுமதிப்பதில்லை. உங்களுக்கு என்றால், அடி அலமாரிகளின் கைப்பிடிகள், ஒரு தொங்குவிளக்கின் உட்புறம், கண்மட்டத்தில் ஒரு மெல்லிய தண்டு அல்லது தட்டு, இவற்றோடு நிறுத்துவேன். விளக்கின் உட்புறம் என்று சொல்வதற்குக் காரணம், வெளியே கறுப்பும் உள்ளே செம்புமாக இருக்கும் மூடி, செம்பை அழுக்கிலிருந்து காத்து அதன் நிறத்தை மட்டும் கீழே வீசும். குழாயில் செம்பு வேண்டுமென்றால் பி.வி.டி. பூச்சில் மட்டும், நாள் முழுவதும் தண்ணீர் படும் இடத்தில் வெறும் செம்பு பாடுபடும். கைப்பிடி வாங்கும்போது இரண்டு துளைகளுக்கிடையே உள்ள தொலைவு 96, 128, 160 மில்லிமீட்டர் என்று 32இன் மடங்காக இருப்பதாகப் பாருங்கள். பெரும்பாலான கைப்பிடிகள் அந்த அளவுகளில் வருவதால், சில ஆண்டுகளில் செம்பு சலித்துப்போனால் கதவில் புதுத் துளை போடாமலே மாற்றிவிடலாம். கறுப்பு நீண்டநாள் முதலீடு, செம்பு எளிதில் கழற்றக்கூடியது என்ற வகையில் வேலையை அமைத்துக்கொள்வது உங்களுக்கு நல்லது.

செலவு செய்வதற்கு முன் ஒன்றைச் செய்து பாருங்கள். இரண்டடிக்கு இரண்டடிப் பிளைவுட் பலகை ஒன்றில் நீங்கள் நினைக்கும் கறுப்பு லேமினேட்டை ஒட்டி, வாங்க எண்ணும் கைப்பிடியில் ஒன்றைப் பொருத்தி, அடுப்புக்குப் பக்கத்தில் மேல்வரிசை அலமாரி வரவிருக்கும் உயரத்தில் பத்து நாள் சாய்த்து வையுங்கள். உள்ளங்கை அளவு மாதிரித் துண்டுகள் இதற்குப் பயன்படா. சின்னத் துண்டில் எந்தக் கறுப்பும் நன்றாகத்தான் இருக்கும். பகல் பதினொரு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டும், இரவில் விளக்கைப் போட்டும் பாருங்கள். வீட்டிலுள்ள எல்லோரும் ஈரக்கையோடும் எண்ணெய்க்கையோடும் அதைத் தொடட்டும், யாரும் துடைக்க வேண்டாம். பத்தாம் நாள் அந்தப் பலகையில் உள்ள தடங்கள் உங்களுக்குப் பொருட்டாகத் தெரியவில்லை என்றால் மேல்வரிசையையும் கறுப்பாக்கலாம். தெரிந்தால் மேலே வெளிறிய நிறம், கீழே கறுப்பு என்ற அளவில் வேலையைத் தொடங்குங்கள். அடி அலமாரிகளைப் பொறுத்தவரை பலகை எப்படி இருந்தாலும் நான் சொன்னதில் மாற்றமில்லை.